இடது கையின் வேலை

புதன், காலை

திரைக்குப் பின்னால் குடித்தனம் நடத்தும் மகாராணிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று ஓபரா ஒத்திகையில் மூன்றாம் அங்கம் முழுவதும் இசைக்குழுவை நான் ஒரே கையால்தான் நடத்தினேன். கோல் பிடிக்காத கை என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பித்தான் அறுந்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்த டிராம்போன்காரர்கள், உருக்கமாக வாசிக்கச் சொல்கிறேன் என்று நினைத்து உருகித் தள்ளிவிட்டார்கள்.

மேடைக்கு முன்னால் இசைக்குழுவின் பள்ளத்தில் நிற்பவனை வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனால் என் மூஞ்சிக்கு நேரே ஒரு கேமரா இருக்கிறதே. என் கையைப் பார்த்துப் பாடுவதற்காக மேடைக்குப் பின்னால் உனக்கு வைத்துக்கொடுத்த திரையில், நீயும் உன் கோரஸ் ஆட்களும் எதைப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரிப்பு வயலின்களைத் தாண்டி வந்தது. தடாலென்று ஏதோ விழுந்த சத்தமும் வந்தது. குதித்தீர்களோ? முதலில் சிரித்தது யார் என்பதும் தெரியும். அந்தச் சிரிப்போடு குடும்பம் நடத்தியவன் நான்.

போகட்டும். உன் கோரஸ் நேற்றும் என்னை முந்தியது. நம் வாத்தியார் அன்றைக்கே சொன்னார்: “உன் கை நல்ல கைம்மா. ஆனா யாருக்காகவும் நிக்க மாட்டேங்குதே.” வெள்ளிக்கிழமை முதல் காட்சி. நான் கேமராவுக்கு இடது உள்ளங்கையைக் காட்டினால், அடங்கு என்று அர்த்தம். மரியாதையாக அடங்கு.

இன்னொன்று. வேறொரு ஊர் ஓபரா தன் இசைக்குழுவை நடத்த உன்னைத் தலைமைக் கண்டக்டராகக் கூப்பிடுகிறதாமே. ஹார்ன் வாசிப்பவர் சொன்னார். கேட்டுச் சிரித்தேன். வயிறு குலுங்கியதில்தான் அந்தப் பித்தான் போனது.

இப்படிக்கு,
தனி வீட்டில் இருந்தாலும் இன்னும் உன் கணவன்


வியாழன், மாலை

பள்ளத்து ராஜாவுக்கு,

நான் முந்தவில்லை. எங்கள் குரல் மேடையைக் கடந்து வர நேரம் பிடிக்கும். உங்கள் கையோடு சேர்ந்து பாடினால் சபைக்குப் பிந்தித்தான் கேட்கும். அதனால் ஒரு இம்மி முன்னாலேயே தொடங்குகிறோம். இது நாம் படித்த முதல் வருஷப் பாடம். அன்று நீங்கள் கண்ணாடியில் உங்கள் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இசையே இல்லாமல் கண்ணாடி முன் நின்று கை வீசச் சொல்வாரே வாத்தியார், நமக்கு ஒரே கண்ணாடி. நடுவில் நீங்கள் நின்றீர்கள். எனக்கு என் இடது தோள் மட்டும்தான் தெரிந்தது. அந்தத் தோளை வைத்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன். இங்கே தலைமைப் பதவி காலியானபோதும் நடுவில் வந்து நின்றீர்கள். “ஒரு வீட்டுக்கு ரெண்டு கோல் எதுக்கு? நீ சும்மா இரு” என்றீர்கள். இருந்தேன்.

ஹார்ன்காரர் சொன்னது உண்மை. சனிக்கிழமை காலைக்குள் நான் பதில் அனுப்பியாக வேண்டும். போகாதே என்று சொல்ல வேண்டுமானால் அதற்குள் சொல்லுங்கள். கிண்டல் இல்லாமல், ஒரே ஒரு தடவை. உங்களால் ஆகாது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

கடையில் பெல்ட் என்று ஒரு பொருள் விற்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கோரஸ் பொறுப்பாளர்


சனி, மாலை

பிடிவாதத்துக்குப் பேர்போனவளுக்கு,

பேப்பர் பார்த்தாயா? ‘கண்ணுக்குத் தெரியாத கோரஸும் இசைக்குழுவும் ஒரே மூச்சு விட்டன’ என்று எழுதியிருக்கிறான். அந்த மூச்சு யாருடையது? நான் உள்ளங்கையைக் காட்டினேன், நீ அடங்கினாய். கல்யாணமான நாளிலிருந்து நீ என் சொல்லைக் கேட்டது இதுதான் முதல் தடவை. சாட்சிக்கு ஊரே இருந்தது.

நீ கேட்டதற்கும் பதில் சொல்லியாயிற்று. எழுதிச் சொல்ல எனக்கு வராது. பேனாவை எடுத்தாலே கிண்டல் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. நாலாம் அங்கத்தில் உன் கோரஸுக்கு முன்னால் புல்லாங்குழல் தனியாகப் போகும் இடம் இருக்கிறதல்லவா, அங்கே கோலைக் கீழே வைத்தேன். கேமராவை நேராகப் பார்த்து இடது கையை நெஞ்சில் வைத்து, ‘போகாதே’ என்று வாயசைத்தேன். புல்லாங்குழல்காரர் ஆடிப்போய்விட்டார். காட்சி முடிந்ததும் ஓடி வந்து, “சார், நெஞ்சு வலியா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?” என்றார்.

அதற்கப்புறம் உன் ஆட்கள் பாடினார்களே, அப்படியொரு மென்மை. அதுதான் உன் பதில் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். மத்தியானம்தான் விழித்தேன்.

அந்த ஊர்க்காரர்களுக்கு மாட்டேன் என்று எழுதியிருப்பாய். வீட்டுச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. வரும்போது உனக்கென்று ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு வா. என்னுடையதில் நடுவில் நான்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் கண்டக்டர்


ஞாயிறு, காலை

உங்களுக்கு,

வருகிறேன் என்று நேற்றுக் காலையே அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மாதக் கடைசியில் கிளம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை காட்சி முடிந்ததும் பள்ளத்துக் கதவருகே உங்களுக்காக நின்றேன். கை நிறையப் பூங்கொத்தோடு வந்தீர்கள். “பாத்தியா?” என்று கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டீர்கள். கைதட்டலைச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அந்த மென்மை என் பதில் இல்லை. அந்த இடத்தில் ‘மிக மென்மையாக’ என்று இசைக் குறிப்பிலேயே அச்சடித்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நீங்கள் கேட்ட தடால் சத்தம் எங்கள் கோரஸில் அடிக்குரலில் பாடுபவருடையது. உங்கள் கால்சட்டையைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, உங்களைக் காட்டும் அந்தத் திரையின்மேல் சாய்ந்து அதை உடைத்துவிட்டார். புதுத் திரை அடுத்த மாதம்தான் வருமாம். வெள்ளிக்கிழமை முழுக்கச் சுவருக்கு அப்பால் கேட்ட வயலினை வைத்துத்தான் பாடினோம்.

நான்