அவரைக் கேட்டுச் சொல்றேன்

செப்டம்பர் 14, ஞாயிறு

உரக்கடையில் கொடுத்த டைரி. ஒன்பது மாதமாக அலமாரியில் கிடந்தது. முதல் பக்கத்தில் கேஸ் புக் பண்ணுகிற நம்பர் மட்டும் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகள்.

தஞ்சாவூர் ஹாஸ்டலிலிருந்து இரண்டு நாள் லீவுக்கு வந்த கவிப்ரியா, வந்ததிலிருந்து காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். படிப்பு சம்பந்தமாக என்னவோ என்று விட்டுவிட்டேன். பஸ் ஏறப்போகும்போது தாளை நீட்டினாள். பதினாலு கோடு.

"ரெண்டு நாள்ல பதினாலு தடவ 'அவரக் கேட்டுச் சொல்றேன்'னு சொல்லிருக்கம்மா. அதுல ஒண்ணு கேஸ்காரர்கிட்ட."

கேஸ்காரர் கேட்டது, சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிடவா, உள்ளே கொண்டுவந்து வைக்கவா என்று.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் செந்தில்குமார். பதினொரு வருஷமாக சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் வேலை. சிலிண்டர் எங்கே இருந்தால் அவருக்கு என்ன?

செப்டம்பர் 15, திங்கள்

நானே எண்ணிப் பார்த்தேன். ஆறு. வாயைத் திறந்தாலே வந்துவிடுகிறது, விக்கல் மாதிரி.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று நடவு. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். என்ன ரகம், எத்தனை ஆள், எந்த மூலையில் ஆரம்பிப்பது எல்லாம் அவர் வாட்ஸப்பில் சொன்னது. வருஷா வருஷம் நான் வரப்பில் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பேன், அவர் வயலைப் பார்த்து உத்தரவு போடுவார். கை வலிக்கும். நடவு ஆட்களைக் கூட்டி வருகிற கண்ணாத்தாள் அக்கா அதைப் பார்த்து, "ஏ தங்கமணி, ஒம் புருசன சட்டைப்பையில வச்சிருக்க" என்று சிரிக்கும். இன்றைக்கும் சொன்னது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது சுருக்கென்று இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

அம்மாப்பேட்டை கடைத்தெருவில் பாகற்காய் குவித்து வைத்திருந்தான். நல்ல பிஞ்சு. நீட்டின கையை இழுத்துக்கொண்டேன் — அவருக்குப் பிடிக்காதே!

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. சாப்பிடப்போவது நான் ஒருத்தி. பதினொரு வருஷமாக நான் ஒருத்திதான். எனக்குப் பாகற்காய் என்றால் உயிர். அடி அசடே.

அக்டோபர் 4, சனி

திரும்பிப் போய் வாங்கினேன். புளி விட்டு, வெல்லம் துளி போட்டு, சுண்டச் சுண்ட வதக்கினேன். மத்தியானமும் அதுதான், ராத்திரியும் அதுதான். யாரையும் கேட்கவில்லை. இதையெல்லாம் ஒரு பெரிய காரியமாக எழுதுகிறேன் என்று சிரிப்பு வருகிறது. எழுதத்தான் எழுதுவேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பயிர் பச்சை பிடித்துவிட்டது. காலையில் தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு போய் வரப்பில் உட்கார்ந்து குடித்தேன். போன் வீட்டில்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி அன்று பிடித்த மழை விடவில்லை. கரண்ட் இல்லை. டவர் இல்லை.

வயலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. இன்னும் இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும். எங்கள் வயல் தண்ணீர் வடிய வேண்டுமானால் கீழே சிங்காரவேலு மாமாவின் வயலுக்குள் இறங்கித்தான் வடிவாய்க்காலுக்குப் போகணும். அவர் மடையை அடைத்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பேச்சை இவர்தான் அங்கிருந்து போனில் பேசுவார். பத்து தடவை போன் போட்டேன். பத்து தடவையும் ஒன்றுமில்லை.

என்ன பண்ணுவேன்? யாரைக் கேட்பேன்?

அக்டோபர் 23, வியாழன்

நேற்று எழுதி முடித்ததும் அழுகைதான் வந்தது. இன்று காலை நுனியும் மறைய ஆரம்பித்திருந்தது. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். அவரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சு.

மடையைத் திறக்க முடியாது என்றார். கோபமாக இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். அவருடையது பிந்தின நடவு, நட்டு எட்டு நாள்தான் ஆகிறது, வேர் பிடிக்கவில்லை, என் தண்ணீர் பாய்ந்தால் நாற்றெல்லாம் மிதந்துவிடும். அவர் சொல்வதும் நியாயம். அதுதான் கஷ்டமாக இருந்தது. அநியாயக்காரனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

"செந்தில பேசச் சொல்லும்மா, பாத்துக்கலாம்" என்று உள்ளே திரும்பினார்.

வாயில் வந்துவிட்டது — சரி மாமா, அவரக் கேட்டுச் சொல்றேன். பாதி நாக்கில் நின்றது. எப்படி விழுங்கினேனோ தெரியாது.

"நாந்தான் மாமா பேசுறேன். அவுகளுக்கு இங்க எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும்."

திரும்பிப் பார்த்தார். நான் பேசிக்கொண்டே போனேன், நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க வராது என்று பயம். வயல் முழுக்கப் பாயவேண்டாம், மேற்கு வரப்போரமாக ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் கீறுவோம், எடுத்த மண்ணை நாற்றுப் பக்கம் அணைத்துவிட்டால் தண்ணீர் ஓரமாகவே ஓடிவிடும் என்றேன். அந்த ஓரத்தில் போகிற நாற்றை நானே பிடுங்கி வைத்திருந்து, மழை விட்டதும் நானே நட்டுத் தருகிறேன் என்றேன்.

மாமா வெற்றிலையை மென்றுகொண்டே மழையைப் பார்த்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய் மம்பட்டியோடு வந்தார். அவர் வெட்ட, நான் நாற்றைப் பிடுங்கிக் கூடையில் போட, பதினோரு மணிக்கு மடை திறந்தோம். தண்ணீர் என்ன ஓட்டம் ஓடியது! சாயங்காலத்துக்குள் அரை அடி பயிர் வெளியே வந்துவிட்டது.

டவர் எட்டு மணிக்கு வந்தது, உடனே அவர் போன். பதறிப்போய், மாமாவிடம் இப்போதே பேசுகிறேன் என்றார்.

"பேசியாச்சு. தண்ணி வடிஞ்சாச்சு."

"யாரு பேசுனா?"

"நாந்தான்."

 

அக்டோபர் 28, செவ்வாய்

சொன்னபடி மாமா வயலில் ஓர நாற்றை நட்டுக் கொடுத்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. கண்ணாத்தாள் அக்கா வரப்பில் நின்று, உன் நடவு மாடு மூத்திரம் பெய்த மாதிரி வளைந்து வளைந்து போகிறது என்றது. போகட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். பயிர் கொஞ்சம் வெளுத்திருந்தது. அக்கா, தண்ணீரில் நின்ற பயிர், தானாகத் தேறும், பொறு என்றது. நான் பொறுக்கவில்லை. யூரியாவை அள்ளி வீசிவிட்டேன். இப்போது கரும்பச்சையாக மினுக்குகிறது. பார்க்க எவ்வளவு அழகு!

நவம்பர் 24, திங்கள்

அழகுதான். யூரியா அதிகமானால் வருகிற இலைசுருட்டுப் புழு வந்துவிட்டது. நடுவயல் முழுக்க இலை மடிந்து வெள்ளை வெள்ளையாக நிற்கிறது.

அவரிடம் சொன்னேன். "யாரக் கேட்டுப் போட்ட?" என்றார். நியாயமான கேள்விதானே. ஆனா அந்தக் குரல் இருக்கே! போதும்டி தங்கமணி, ஒனக்கு எதுக்கு இந்த வேலை? இனிமே எல்லாத்தையும் அவரையே கேட்டுக்க. சிலிண்டர் உள்பட.

நவம்பர் 25, செவ்வாய்

விடியற்காலையில் விழித்துக்கொண்டு படுத்தே யோசித்தேன். போன வருஷம் அவர் சொன்ன ரகம் சாய்ந்து பாதி போனது. அதற்கு முந்தின வருஷம் அவர் சொன்ன ஆள் களை எடுக்க வராமல் ஏமாற்றினான். அப்போதெல்லாம் நான் ஊருக்குச் சொன்னது, "அவர் சொன்னார், செஞ்சேன்." எவ்வளவு சௌகரியம்! இதுவரை தப்புக்கூட நான் பண்ணினதில்லை. இதுதான் என் முதல் சொந்தத் தப்பு. யூரியா என் கையால் வீசினது, புழு என் புழு.

எழுந்து போய் நாலு மடிந்த இலையை வேளாண்மை ஆபீசுக்கு எடுத்துப்போய்க் காட்டி, என்ன அடிக்கணும், எவ்வளவு அடிக்கணும் என்று கேட்டு வந்தேன். கேட்பது தப்பில்லை. கேட்டுவிட்டு நான் ஒரு முடிவு எடுக்கணும், அவ்வளவுதான்.

டிசம்பர் 7, ஞாயிறு

புழு நின்றுவிட்டது. நடுவில் கொஞ்சம் சேதம். அக்காவிடம், நீ சொன்னதைக் கேட்டிருக்கணும் என்றேன். "கேக்க மாட்டன்னு தெரியும், புதுசா ரெக்க மொளச்சவ" என்றது. இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து என் பாகற்காயும் அக்காவின் பழைய சோறும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மழை இல்லை. பயிர் நன்றாக இருக்கிறது. நானும்.

ஜனவரி 13, செவ்வாய்

டைரி முடிந்துவிட்டது. பின்னால் காலியாக இருக்கிற பக்கங்களில் எழுதுகிறேன். அவர் பொங்கலுக்கு வந்திருக்கிறார், ஒன்றரை மாத லீவு. கவிப்ரியாவும் வந்துவிட்டாள். வீடு நிறைந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் என் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், இத்தனை நாள் அது என் நாற்காலி என்றே எனக்குத் தெரியாது.

ஜனவரி 18, ஞாயிறு

மத்தியானம் பாகற்காய் வைத்தேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரசம் இருக்கிறது, உங்களுக்கு அப்பளம் பொரித்திருக்கிறேன் என்றேன். கவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அவர் ரசம் சாப்பிட்டார். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

ஜனவரி 24, சனி

அறுப்பு மெஷின் ஏற்பாடு பண்ணுகிற ராஜ்குமார் அவர் நம்பருக்குத்தான் கூப்பிட்டான். நாளைக்கா, வியாழக்கிழமையா என்று கேட்டிருக்கிறான். நான் அடுப்படியில் இருந்தேன். "இரு, வீட்ல குடுக்குறேன்" என்று சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார். என் கையெல்லாம் மாவு. அவரே என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். இன்னும் காய வேண்டியிருக்கிறது, வியாழன் வா என்றேன். பேசி முடிக்கிறவரை போனைப் பிடித்துக்கொண்டே நின்றார். கை வலித்திருக்கும்.

ஜனவரி 29, வியாழன்

அறுத்தாச்சு. மூட்டைக்குக் குறையில்லை, நல்ல மேனி, நடுவயல் தவிர. அது என்னுடையது. சிங்காரவேலு மாமா வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, வடிகால் தூர்வார மனுக் கொடுக்க ஊரிலிருந்து நாலு பேர் போகிறோம், நீயும் வாம்மா என்றார். பக்கத்தில்தான் அவர் நின்றார். மாமா அவரைக் கூப்பிடவில்லை. வர்றேன் மாமா என்றேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

சாயங்காலம் இரண்டு பேரும் வயல் பார்க்கப் போகிற சாக்கில் வரப்பில் நடந்தோம். இந்தத் தடவை தூக்குவாளியை அவர் எடுத்துக்கொண்டார். அறுத்த வயலில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர், மாமா வரப்போரம் அந்த வாய்க்கால் கீறின இடத்தில் நின்றார். இன்னும் தடம் இருக்கிறது.

அவருடைய வேலை பர்மிட் இந்த மாசத்தோடு முடிகிறதாம். புதுப்பிக்கவா வேண்டாமா என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்களாம். பத்து நாளைக்குள் பதில் சொல்லணும்.

"என்ன சொன்னீங்க?"

"ஒன்னக் கேட்டுச் சொல்றேன்னேன்."

இருபது வருஷத்தில் இப்படி ஒன்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை. சிங்கப்பூர் போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனார், கேட்டுவிட்டுப் போகவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்த இடத்திலேயே அழுது, இருங்க, போகாதீங்க என்று கையைப் பிடித்திருப்பேன். அவர் இருந்தால் எனக்கு ஆசைதான். ராத்திரி அவர் குறட்டை கேட்டால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. ஆனால் என் வரப்பு, என் காலை டீ, என் புழு, என் நாற்காலி — இதையெல்லாம் எங்கே வைப்பது, அதையும் பார்க்கணும் இல்லையா?

டீயை ஊற்றி நீட்டினார். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.