கீழே வைத்த கத்தி

அன்புத் தங்கைக்கு,

அப்பாவின் மடக்குக் கத்திகள் பன்னிரண்டையும் எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். துரு போனதும் எது எந்த ஊர்க் கத்தி என்று முத்திரை காட்டிவிட்டது. கொம்புப் பிடி போட்டதில் மட்டும் நீ சின்ன வயதில் கீறிய மீன் இருக்கிறது.

அப்பா காரியத்தன்று அதைத்தான் உன்னிடம் நீட்டினேன். “கீழ வைங்கண்ணே, எடுத்துக்கறேன். கையில குடுத்தா சண்டை வரும்” என்றாய். சிரித்தபடி கையில் திணித்தேன். சாயங்காலம் வாய்க்காலோர வயல் பேச்சு வந்தது. கத்தியை வைத்துவிட்டுப் போனவள்தான், நான்கு வருடமாகிறது.

இப்போதெல்லாம் ஒரு மாம்பழம் நறுக்கினால் பாதி மீந்துவிடுகிறது.

அந்தக் கத்தியைத் தஞ்சாவூர் போய்க் கூரியரில் போடலாம்; அதுவும் கைக்குக் கைதான். கூடத்து மேஜையில் வைத்திருக்கிறேன், நீயே வந்து எடுத்துக்கொள். அதனடியில் உன் பங்கு வயலுக்கான பத்திரம் பறக்காமல் இருக்கிறது.

உன் அண்ணன்