பாதி ரெக்கார்டோடு போனவருக்கு

என் வீட்டு மகராசருக்கு,

என்னங்க, நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு கடுதாசிகூட எழுதியதில்லை. எழுதும்படி நீங்கள் எங்கே போனீர்கள்? தோட்டத்துப் பேக்டரி, வீடு, மாதம் ஒரு தடவை அலோர் ஸ்டார் டவுன். அவ்வளவுதான் உங்கள் உலகம்.

முதலில் இங்கத்திச் சேதி. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இன்ஜின் பார்க்க வந்த புது ஆளுக்கு வீடு வேண்டுமாம். இருபது வருஷம் அந்த இன்ஜினோடு மல்லுக்கட்டியவருடைய பெண்டாட்டிக்கு ஒரு மாதம் அவகாசம். வருகிற வாரம் பாடாங் செராயில் என் தம்பி வீட்டுக்குப் போகிறேன். இந்தச் சுங்கை லாலாங் பக்கம் இனி எனக்கு என்ன இருக்கிறது? தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தைச் சுற்றிப் போட்ட முள்கம்பி அப்படியே இருக்கிறது. கேட்டில் நிறுத்தி, காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொண்டு போகிறோமா என்று தடவிப் பார்ப்பதும் அப்படியே. இந்த அவசரகாலம் இதோ முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நீங்கள் ஒருத்தர்தான்.

உங்கள் ரெக்கார்டுப் பெட்டியை என்ன செய்வது என்றுதான் முழித்தேன். தோட்டத்துப் பழைய வெள்ளைக்காரத் துரை உயிருக்குப் பயந்து குடும்பத்தோடு கப்பலேறியபோது, ஸ்பிரிங் அறுந்த கிராமபோனையும் அந்தப் பெட்டியையும் வேண்டாத சாமானோடு போட்டுவிட்டுப் போனார். நீங்கள் ஸ்பிரிங்கைச் சரி பண்ணி, ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்க ஒரு ரெக்கார்டைப் போட்டீர்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

எல்லாம் இருநூறு, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன வெள்ளைக்காரர்களின் சங்கீதம். பரோக் என்று ஏதோ சொல்வீர்கள். அதிலும் பேர் பெற்றவர்கள் உங்களுக்கு ஆகாது, அவர்கள் ஊரிலேயே மறந்துபோன ஆட்கள்தான் வேண்டும். அந்தப் பெயர்கள் என் வாயில் நுழையாது என்று நீங்களே பெயர் வைத்தீர்கள். பாதிரியாராக இருந்தவர் சாமியார். மாதாகோயிலில் ஆர்கன் வாசித்தவர் கோயில்காரர். வெள்ளைக்காரன் சாவு மேளம் கிளம்பிவிட்டது என்று லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், ஏன் மறைக்க வேண்டும்?

அலோர் ஸ்டாரில் சைக்கிளும் ரெக்கார்டும் விற்கிற நாகூர்க்காரர், நாம் நானா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் உங்களுக்குச் சரியான கூட்டாளி. யாரும் தொடாத ரெக்கார்டுகளை உங்களுக்கென்றே எடுத்து வைப்பார். அதைக் கேட்டுவிட்டு, புதுசாக ஒரு ஆளைக் கண்டுபிடித்தேன் என்று மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வருவீர்கள்.

கோயில்காரருடைய ஒரு பிடில் பாட்டு, முழுசாக இரண்டு ரெக்கார்டில் வருவது. பெட்டியில் முதல் ரெக்கார்டு மட்டும்தான் இருந்தது. மேலே மேலே ஏறிக்கொண்டே போய் நட்டநடுவில் நின்றுவிடும். அந்த மீதிக்காக மூன்று வருஷம் நானாவை லண்டன் வரைக்கும் எழுத வைத்தீர்கள். கிடைக்கவில்லை. இதற்குமேல் எப்படிப் போகும், எங்கே போய் இறங்கும் என்று சாப்பிடும்போதும் அதே பேச்சு. தட்டில் என்ன குழம்பு இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

அப்புறம் வந்தது அந்தக் கச்சேரி. ஐந்து வெள்ளைக்காரர்கள், அலோர் ஸ்டாரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அச்சடித்த தாளில் கோயில்காரர் பெயர் இருந்தது. அதே பாட்டு, முழுசாக. நானா தனக்கும் உங்களுக்குமாக இரண்டு இடம் பிடித்து வைத்தார். ஒரு வாரம் முந்தியே வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னீர்கள். நம் கல்யாணத்துக்குக்கூட நீங்கள் இப்படிப் பறந்திருக்க மாட்டீர்கள்.

என்னங்க, உங்கள் ஐசியை ஒளித்து வைத்தது நான்தான்.

அந்த அடையாள அட்டை இல்லாமல் ரோட்டில் கால் வைத்தால் பிடித்துப் போடுவார்கள், அது தெரிந்துதான் செய்தேன். முந்தின வாரம் அந்த ரோட்டில் காட்டு ஆட்கள் ஒரு பஸ்ஸைக் கொளுத்தியிருந்தார்கள். பயந்தேன், சத்தியமாகப் பயந்தேன். ஆனால் பயம் மட்டும் இல்லை. கல்யாணமான பதினாறு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு படத்துக்குக் கூட்டிப் போகாத மனுஷன், எப்போதோ செத்தவன் பாட்டைக் கேட்கச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னால் எனக்கு வயிறு எரியாதா?

காலையிலிருந்து வீட்டைக் கவிழ்த்துப் போட்டீர்கள். அரிசி டின்னைக்கூடக் கொட்டிப் பார்த்தீர்கள். கேட்டுக்கு ஓடி, காவலுக்கு நின்றவர்களிடம் கெஞ்சினீர்கள். முதல் பஸ் போனது, அடுத்த பஸ்ஸும் போனது. சாயங்காலம் நானே அதைத் தேடி எடுத்த மாதிரி கொண்டுவந்து, சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது என்று நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

“பரவால்ல, விடு. தொலைஞ்சிருந்தா போலீஸ் ஸ்டேசனுக்கு அலையணும் லா.”

ஆணியில் மாட்டிய படத்துக்குப் பின்னால் ஐசி எப்படிப் போகும் என்று நீங்கள் ஏன் கேட்கவில்லை? தெரிந்துதான் விட்டுவிட்டீர்களா? அன்றிலிருந்து கோயில்காரரை நீங்கள் தொடவில்லை. நானா கடைக்கும் போகவில்லை. நாலாவது மாதம் நெஞ்சில் சளி கட்டி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, போய்ச் சேர்ந்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. குறுக்கே ஒரு நாய்கூட வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பெட்டியைச் சுமந்துகொண்டு நானா கடைக்குப் போனேன். தம்பி வீட்டில் இடமில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உண்மையில் நான் போனது வேறு ஒன்றுக்கு. அன்றைக்கு அவர்கள் அந்தப் பாட்டை வாசிக்காமல் விட்டிருந்தால்? நேரமில்லை, வாசிக்கிறவனுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது நடந்திருந்தால்? அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் போதும், என் பாரம் இறங்கிவிடும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“முழுசா வாசிச்சாங்க, தங்கச்சி” என்றார் நானா. “அவருக்காகப் பக்கத்து நாற்காலியில துண்டப் போட்டு வச்சிருந்தேன். எத்தனையோ பேரு கேட்டாங்க, கொடுக்கல.”

மீதிப் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். வாயால் பாடிக் காட்டப் பார்த்தார், வரவில்லை. நீங்கள் இதோ வந்துவிடுவீர்கள், இதோ வந்துவிடுவீர்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவரும் சரியாகக் கேட்கவில்லையாம். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை, குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஆக, உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். ஒன்று மட்டும் சத்தியம் பண்ணுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று இந்தக் கடுதாசியில் எழுத மாட்டேன். இனி எந்தச் சாமி முன்னால் நின்றும் அதை வேண்ட மாட்டேன். வேண்டினால் நீங்கள் யோசிக்காமல் மன்னித்துவிடுவீர்கள், உங்கள் மனசு எனக்குத் தெரியாதா? அதைத் தாங்க என்னால் ஆகாது.

உங்களைப் போகவிடாமல் வைத்துக்கொண்ட,
உங்கள் பெண்டாட்டி