ஆடி முடியப் பன்னிரண்டு நாள்

இல்லை, மல்லிகை அல்ல. மல்லிகை என்றால் தாங்கியிருப்பேன். இது மரிக்கொழுந்து.

இன்று காலை மாட்டுத்தாவணியில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கூடையிலிருந்து வந்தது. என் பேருந்து வந்தது, போனது. நான் ஏறவில்லை.

உங்கள் விரல்களில் அதுதான் மணக்கும் அக்கா. பூச்சந்தையில் பகல் முழுக்கக் கதம்பம் கட்டிவிட்டு, மாலையில் என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவீர்கள். செல்லூரில் நீங்கள் இருந்த ஒற்றை அறையை, மகன் கல்யாணம் என்று வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். பெண்கள் காப்பகத்தில் ஒரு படுக்கை. அங்கிருந்து என்னிடம்.

என் வேலை சொல்ல எளிது. வீடு போனவர்களைத் தெருவுக்கு விடாமல் பிடிப்பது. காப்பகம், ஆஸ்பத்திரி, வார்டு அலுவலகம், வீட்டுத் தரகர்கள், எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தேன். ஏழு நாளில் ஒரு கூரை. நானே வைத்த விதி. சாவி கைக்கு வந்ததும் என் பதிவில் பெயருக்கு நேரே பச்சை.

என் போனை எட்டிப் பார்ப்பீர்கள்.

“எல்லாரும் ஓகே ஓகேன்னு போடுறானுக. ஒருத்தனும் வீடு காட்ட மாட்டேங்குறானே, தாயி.”

சிரிப்பீர்கள். சிரிப்பு இருமலாகும். இருமல் இளைப்பாகும். நான் தண்ணீர் எடுக்க எழுவேன்.

ஐந்தாம் நாள் செல்லூரிலேயே அறை கிடைத்தது. உங்கள் பழைய சந்துக்கு அடுத்த சந்து. வீட்டுக்கார அம்மா ஒன்றுதான் சொன்னார்: “ஆடி போகட்டும். ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சிக்கங்க.”

ஆடி முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. என் விதியில் மீதி இரண்டு.

அன்றே தரகர் பரவையில் ஓர் அறை சொன்னார். வீட்டுக்காரர் வெளியூர். ஆடி, ஆவணி பார்க்காதவர். நாளைக்கே சாவி.

“பன்னெண்டு நாள்தானே தாயி. காப்பகத்துல இருந்துக்கிறேன். அவங்களும் இருக்கத்தான் சொல்றாங்க.”

“அந்தப் படுக்கைக்கு வேற ஆள் வருவாங்க, அக்கா.”

யாரும் வருவதாக இல்லை. இரண்டு படுக்கைகள் காலியாகவே கிடந்தன. எனக்குத் தெரியும்.

“ஆடியில யாராச்சும் குடி போவாகளா? செல்லூர்ல என் இருமலை வச்சே மணி சொல்லுவாளுக. பரவையில எனக்கு யாரைத் தெரியும்?”

“ஆடி மாசத்துக்கும் வீட்டுக்கும் என்னக்கா சம்பந்தம்?”

பல்கலைக்கழகத்தில் படித்தவள் கேட்ட கேள்வி. என் திரையில் மஞ்சளாக நின்ற உங்கள் பெயரைப் பார்த்தீர்கள்.

“சரி. உன் பச்சைக்காகப் போறேன்.”

மறுநாள் பேருந்தில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். வைகைப் பாலம் கடந்தபோது, “எம்புட்டுத் தூரம்!” என்றீர்கள். அவ்வளவுதான். சாவியோடு உங்களைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்தப் படத்தில் நீங்கள் சாவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறீர்கள். இப்போதுதான் கவனிக்கிறேன்.

ஒரு முறை அழைத்தீர்கள். “ஒரு எட்டு வந்துட்டுப் போ, தாயி. பேச ஆளில்ல.” சனிக்கிழமை வருகிறேன் என்றேன். சனிக்கிழமை வேறொருவருக்கு ஏழாம் நாள். போகவில்லை.

ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது தரகர் அழைத்தார். இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லையாம். கதவை உடைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது உங்களை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போயிருக்கிறீர்கள். இளைப்பு வந்தால் அப்படித்தான் உட்காருவீர்கள். காப்பகத்தில் பக்கத்துப் படுக்கைக்காரி முதுகு நீவிவிடுவாள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

எதிர்வீட்டுப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். “இருமுற சத்தம் கேட்டுச்சுக்கா. யாரு எவருன்னு தெரியாது. எப்படிப் போய்க் கதவத் தட்டுறது?” அவள் மீது எனக்குக் கோபமில்லை. அவளிடம் உங்கள் பெயரைச் சொல்லாதவள் நான்.

உள்ளே போனேன். மூட்டையை அவிழ்க்கவே இல்லை நீங்கள். அடுப்பு பற்றவைத்த தடம் இல்லை. ஓட்டல் பொட்டலக் காகிதங்கள் மடித்து மூலையில். விரித்த பாய் ஒன்று. நீங்கள் அங்கே குடி போகவில்லை அக்கா. ஆவணிக்காகக் காத்திருந்தீர்கள், காப்பகத்தில் காத்திருப்பதாகச் சொன்னதுபோலவே. என் பதிவில் மட்டும் எட்டு நாளாகப் பச்சையாக இருந்தீர்கள்.

ஆடி உங்களைக் கொன்றதாக நான் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை. பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தால் உங்கள் இருமலைத் தெரிந்த சுவர்களுக்கு நடுவே இருந்திருப்பீர்கள். இதை எழுதிப் பார்த்தால் சிறிய வாக்கியமாக இருக்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாக இதைத்தான் சுமக்கிறேன்.

பேருந்தை விட்டதால் இன்று அலுவலகத்துக்குத் தாமதம். ஒரு கொத்தனாரும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள். வீடு தயார், ஏழாம் நாள். “எப்ப குடி போகணும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அடுத்த வெள்ளிக்கிழமை போனா நல்லாருக்கும்மா,” என்றார் அந்த அம்மா, தயங்கி.

வெள்ளி வரை இவர்களுக்குக் குடும்பக் காப்பகத்தில் இடம் வேண்டும் என்று குழுவில் எழுதினேன். பிறகு இருவரையும் அழைத்துக்கொண்டு போய், அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.