ஆதன் நல்லவனா, அத்தான்?

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள். உங்கள் சட்டைகளையெல்லாம் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள், மூக்குக் கண்ணாடியை மட்டும் கொடுக்க மனசில்லை. என் டிடிபி கடை துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டு பழைய இடத்திலேயே ஓடுகிறது. உங்கள் நாவல்தான் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதற்கு நான்தான் காரணம். ஏன் என்று உங்களிடம் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒன்றிரண்டு வார்த்தை. நீங்கள் என் அக்கா ரெஜினாவின் கணவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற மரத் தோணியில் இருபது வருடம் இஞ்சின் டிரைவர். கரைக்கு வந்த பிறகு அறிவியல் கதை எழுத உட்கார்ந்தீர்கள். நீங்கள் நோட்டில் எழுதித் தர, நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். அப்படி வந்தவன்தான் ஆதன்.

கதை நடப்பது கடல் ஏறி ஊரெல்லாம் முங்கிப்போன காலத்தில். முன்பு முத்துக் குளித்த கடலடிப் பாறைத் திட்டுகளுக்கு மேலே கண்ணாடியாலும் இரும்பாலும் ஒரு நகரம். ஆதன் அதன் தலைமைப் பொறியாளன். ஒருநாள் கீழ்த்தளத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வர, அவன் கதவைப் பூட்டிவிடுகிறான். நகரம் பிழைக்கிறது, கீழே இருந்தவர்கள் சாகிறார்கள். செத்தவர்களின் வீடுவீடாகப் போய் உட்கார்ந்து அழுகிறான். பிறகு அவனே நகரத்தின் அதிபதி. அந்தக் கதவைப் பற்றி வாய் திறக்கிறவர்களைச் சிறையில் போடுகிறான்.

“ஏளா, அவன் கெட்டவனா, நீயே சொல்லு” என்று கேட்பீர்கள்.

“இவ்வளவு அழகா அழுதான்னா எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு அத்தான்.”

“ஏளா, நீ போலீஸ்காரியாப் பொறந்திருக்க வேண்டியவ!”

சிரிப்பீர்கள். ஆனால் அடுத்த வாரம் வருகிற நோட்டில் ஆதனுக்கு இன்னும் கொஞ்சம் நியாயம் கூடியிருக்கும். அவனுடைய அம்மா வருவாள், தூக்கம் வராத வியாதி வரும், செத்தவர்களின் பெயரை அவன் தினமும் சொல்லிப் பார்ப்பது வரும். பதிப்பகத்துக்காரர்கூட, “இவனை வில்லன்னே சொல்ல முடியாதும்மா, பாவம்” என்றார். எனக்குப் பாவமாக இல்லை. யாரோ அவனுக்காக வக்கீல் வைத்து வாதாடுகிற மாதிரி இருந்தது.

எட்டாம் அத்தியாயம் வந்த அன்றைக்குத்தான் எனக்கு உறுத்தியது. நீங்கள் ஒரு வரி எழுதினால் மூன்று வரி அடிப்பவர். அந்த அத்தியாயத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று முறை தட்டுகிற சத்தம் ஆதனுக்குக் கேட்கிறது. ‘பலகையில் கைமுட்டி இடிக்கும் சத்தம்’ என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடியும் இரும்புமாகக் கட்டிய நகரத்தில் பலகை எங்கிருந்து வந்தது?

போன் போட்டேன். “அத்தான், பலகைன்னு இருக்கு. இரும்புன்னு மாத்திரவா?”

“மாத்து” என்று சொல்லி உடனே போனை வைத்துவிட்டீர்கள்.

நான் மாற்றவில்லை. எனக்கு அந்தோணி அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் உங்கள் தோணியில் தீப்பிடித்து, இஞ்சின் அறையில் உங்களுக்கு அடுத்த ஆளாக வேலை பார்த்த அந்தோணி அண்ணன் செத்துப்போனார். நீங்கள் ஏழு பேர் திரும்பி வந்தீர்கள். வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் அவர் மனைவி பிலோமினாக்காவிடம் போய், “அந்தோணி புகையில அப்பவே போயிட்டான், கஷ்டப்படல” என்று சொன்னீர்கள். அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உங்களுக்கு அவள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. “எங்க வீட்டாளு முகத்தக் கடைசியாப் பாத்த மனுசன்” என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறுவாள். நீங்கள் அதற்கப்புறம் தோணி ஏறவே இல்லை.

அந்தோணி அண்ணனும் அப்படித் தட்டினாரா என்று உங்களிடம் கேட்டுவிட வேண்டும் என்று இரண்டு மாதம் நினைத்தேன். நோட்டை வாங்க வரும்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வரும். கேட்கவில்லை. கடைசி அத்தியாயத்தைக் கொடுத்த நான்காம் நாள் நெஞ்சுவலி என்றார்கள், நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. கேட்காமல் விட்டது உங்கள் மேல் இருந்த பாசத்தினாலா, பதில் மேல் இருந்த பயத்தினாலா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடம்தான் முதலில் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “செத்த மனுசன் மேல கேஸ் நடத்துதியா? கதைதான ஏளா அது?” என்றாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

நான் விடவில்லை. அந்தத் தோணிக்குத் தண்டலாக, அதாவது தலைவராக இருந்த சூசை மாமா இப்போது மணப்பாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். பஸ் ஏறிப் போனேன். எட்டாம் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

“டீசல் குழாய் வெடிச்சுது. உங்க அத்தான் அப்பத்தான் சாப்பிட மேல வந்தான். அந்தோணி உள்ள நின்னான். மேல இருந்த பலகை மூடியச் சாத்திக் காத்த நிறுத்தலேன்னா மொத்தத் தோணியும் எரிஞ்சிரும். சாத்துன்னு சொன்னது நான். சாத்துனது உங்க அத்தான்.”

“தட்டுனாரா மாமா?”

“தட்டுனான்.”

“மூணு தடவையா?”

“எவன் சொன்னான் மூணுன்னு?” என்று சத்தம் போட்டார். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டார். “எண்ணிக்கிட்டா இருந்தோம்? உங்க அத்தான் அந்த மூடி மேல ஏறி உக்காந்துட்டான். எங்கள்ல யாராவது தொறந்திருவோமோன்னு பயம், தானே தொறந்திருவோமோன்னும் பயம். தட்டுறது நிக்குற வரைக்கும் எந்திரிக்கல. அப்பவே செத்துட்டான்னு சொல்லிருவோம்னு எல்லாருமாத்தான் பேசி வச்சோம். பிலோமினாவுக்கு அது நல்லதுன்னு நெனச்சோம்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் உங்களுக்காகத்தான் அழுதேன் அத்தான். கீழே ஒருவன் தட்டத் தட்ட மேலே உட்கார்ந்திருந்த உடம்பு எப்படி நடுங்கியிருக்கும்! அழுகை நின்றதும் பழைய சந்தேகம் வந்துவிட்டது. கதையில் ஏன் மூன்றாகக் குறைத்தீர்கள்? கடைசி அத்தியாயத்தில், கீழ்த்தளத்தில் செத்தவனின் மனைவி ஆதனின் தலையில் கைவைத்து மன்னிக்கிறாளே, அதை எழுத உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? அவளிடம் கேட்டீர்களா?

நான் கேட்டேன். பிலோமினாக்கா பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். சூசை மாமா சொன்னதை முதலில் சொன்னேன், பிறகு அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும், “நீ போ ஸ்டெல்லா” என்றாள். அவ்வளவுதான். சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஐந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“மூணு தடவன்னு போட்டிருக்குல்லா? அத மாத்து. நிக்குற வரைக்கும் தட்டுனாருன்னு போடு. எங்க வீட்டாளு மூணு தட்டு தட்டிட்டு விட்டுருற ஆளு இல்ல.”

“சரிக்கா. அந்தக் கடைசி அத்தியாயம்?”

“அது உங்க அத்தான் அவருக்கு அவரே எழுதிக்கிட்டது. எடுத்திரு.” வாசல் வரை போய்த் திரும்பினாள். “கதவச் சாத்துனதுக்கு எனக்குக் கோவம் இல்லளா. ஏழு பேரு வந்து சேந்தாங்கல்லா. பதினாலு வருசம் என் வீட்டுல உக்காந்து, எங் கையால வாங்கிச் சாப்பிட்டுட்டு, ஆறுதலும் எங்கிட்டயே வாங்கிட்டுப் போனாரே…” போய்விட்டாள்.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கதவைப் பூட்டிய அன்றைக்கு ஆதன் கெட்டவன் இல்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் பூட்டியிருப்பேன். அதைப் பேசுகிறவர்களைப் பூட்டினானே, அப்போது கெட்டவன் ஆகிவிட்டான். அவன் அழுகை நிஜமாகவே இருக்கட்டும், அது அந்தப் பாவத்தைக் கழுவாது.

நீங்கள் யாரையும் சிறையில் போடவில்லை. அதனால் உங்களைக் கெட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, நல்லவர் என்று எழுதவும்தான். நோட்டை என்னிடம் தந்தது நான் கண்டுபிடிக்கட்டும் என்றா? இல்லை, எல்லாரும் ஆதனுக்காக உருகினால் உங்களுக்கே தீர்ப்பு வந்த மாதிரி ஆகிவிடும் என்றா? இரண்டாவதாக இருக்கக்கூடாது என்று ஆசைப்படுகிறேன். நம்பத்தான் முடியவில்லை.

அக்கா போன வாரம்தான் மறுபடி பேசினாள். மாற்றிய பக்கங்களைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தாள். “இதுதான் சரி, இப்படியே போடு” என்றாள்.

உங்கள் பெயரில்தான் புத்தகம் வரும். உள்ளே ஆதனை யாரும் மன்னிக்க மாட்டார்கள், தண்டிக்கவும் மாட்டார்கள். முதல் பிரதியை நானே பிலோமினாக்காவின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் வாங்காவிட்டால் இன்னொரு நாள் போவேன். உண்மையைச் சொல்ல நீங்களே ஒருநாள் நடந்து போயிருக்கலாம் அத்தான், நாலு தெருதானே. உங்களால் முடியவில்லை. நான் போகிறேன்.

இன்னும் உங்கள் மேல் பிரியமும் சந்தேகமும் தீராத,
உங்கள் கொழுந்தியாள்
ஸ்டெல்லா