அப்பாவின் இரண்டாவது குளிசை

ஹம்பேர்க்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் கிரிஜாவுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். எப்போதும் வழக்கத்துக்கு எழுதுகிற வரிதான், இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன். மெல்பேர்ணில் உன்னையும் அந்த முருகன் சுகமாக வைத்திருக்க வேண்டும். அப்பாவின் ஸ்கான் நல்லபடி வந்தது என்று போனில் சொன்னேன் தானே, மிச்சத்தைச் சொல்ல விடாமல் அப்பா பக்கத்தில் இருந்து கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார். இப்போது முடிவெட்டப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதிவிட வேண்டும். தம்பி கவிஷன் சனி ஞாயிறுகளில் பிராங்பேர்ட்டில் இருந்து வந்து போகிறான், வரும்போதெல்லாம் அழுக்குடுப்பு மூட்டையும் கூடவே வருகிறது. பரவாயில்லை, பிள்ளை வருகிறானே.

அப்பாவின் கணுக்கால் மச்சக் கதை உனக்குத் தெரியும். காலில் மச்சம் இருந்தால் வெளிநாட்டுப் பயணம் என்று யாரோ சொன்னதை நம்பி, தன்னை ஜெர்மனிக்குக் கொண்டுவந்ததே அதுதான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காற்சட்டையை உயர்த்திக் காட்டுவார். அது கறுத்துப் பெருத்தபோதும் யாரையும் தொட விடவில்லை. வீடியோவில் பார்த்துவிட்டு நீ அழுது சண்டை பிடித்துத்தான் டொக்டரைப் பார்க்க டெர்மின் எடுத்தோம், அதற்கே உனக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது. வெட்டிய பிறகும் நுரையீரலில் புள்ளிகள் தெரிந்ததும், இரண்டு விதக் குளிசை தந்ததும் உனக்குத் தெரியும். தெரியாதது இனித்தான். ஆவணியில் அவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். ஒரு நாள் பிரிட்ஜைத் துடைக்கும்போது கறிவேப்பிலைப் பைக்குப் பின்னால் இருந்த குளிசைப் போத்தலை எடுத்துப் பார்த்தேன், குறையவே இல்லை. இரண்டில் அதைத்தான் குளிரில் வைக்கச் சொன்னவர்கள். கேட்டால், குளிர்ச் சாமானை வெறும் வயித்திலை போட்டால் காய்ச்சல் வராமல் என்ன செய்யும், ஒரு வருத்தத்துக்கு ரெண்டு குளிசை என்னத்துக்கு, மற்றது ஒண்டு காணும் என்று எனக்கே பாடம் எடுத்தார். பயத்தில் வாயில் வந்தபடி ஏசினேன். ஐஸ்கிரீம் மட்டும் உங்களுக்குக் காய்ச்சல் தராதோ என்று கேட்டேன்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் அம்மா ஏசவில்லை. நீங்கள் இங்கே எதில் வந்தீர்கள் என்று கேட்டார். எஸ்-பான் ரயிலில் என்றார் அப்பா. அது ஓடாவிட்டால் வீட்டில் இருந்துவிடுவீர்களா என்று கேட்டதற்கு, பஸ் எடுத்தாவது சுற்றி வருவேன் என்றார். உங்கள் புற்றுநோயும் அப்படித்தான் என்றார் டொக்டர். தோலில் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு சின்னக் கலத்துக்குள்ளேயும் வளர், வளர் என்ற செய்தி கை மாறிக் கை மாறிப் போகிறதாம். அப்பாவின் புற்றில் நடுவில் இருக்கும் ஒரு கை, யாரும் கொடுக்காமலே அந்தச் செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறதாம். முதல் குளிசை அந்தக் கையைப் பிடித்து வைக்கும். கொஞ்ச நாளில் செய்தி பக்கத்து வழியால் சுற்றி வந்து அந்தக் கையைத் தாண்டி அதே பாதையில் ஏறிவிடும். அது ஏறுகிற இடத்தில் காவல் நிற்பதுதான் பிரிட்ஜில் இருந்த குளிசை. காய்ச்சல் வந்தால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள், நீங்களாக ஒன்றைத் தள்ளி வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்பா வீட்டு வாசலில் வைத்து, நான் காவல்காரனையெல்லோ லீவிலை விட்டிட்டன் பிறேமா என்றார். அன்றிலிருந்து இரண்டையும் ஒழுங்காகப் போடுகிறார். இந்த ஸ்கானில் புள்ளிகள் சுருங்கிவிட்டன, ஒன்றைக் காணவே இல்லை. டொக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஆனால் புற்றுக்கு இன்னும் வேறு வழிகள் உண்டாம், எல்லாவற்றையும் அடைக்க மருந்து இல்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். இந்த இரண்டையும் யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேர், பேர் சொல்லி முடியாது என்றார். அப்போது உன் முகம்தான் வந்தது. நீயும் அங்கே ஆய்வுகூடத்தில் தோல் கலங்களைத் தட்டில் வளர்த்து, எந்த வழி எதோடு சேருகிறது என்றுதானே பார்க்கிறாய். கேட்டால் இன்னும் சரிவரேல்லை அம்மா என்பாய். அப்பாவின் குளிசையைக் கண்டுபிடித்த பிள்ளைகளும் அப்படிச் சொல்லியிருப்பார்கள், அவர்களுடைய அம்மாமாரும் எப்ப வீட்டுக்கு வாறாய் என்று என்னைப் போலக் கரைச்சல் கொடுத்திருப்பார்கள். முகம் தெரியாத அந்த அம்மாமாருக்காகவும் இன்று விளக்கேற்றிக் கும்பிட்டேன். தைப்பொங்கலுக்கு வா என்று உன்னை வற்புறுத்தினேன் அல்லவா, வேலை முடியாவிட்டால் வராதே பிள்ளை. அங்கே யாரோ ஒரு பிள்ளையின் அப்பா உன் கையால் வரப்போகிற மருந்துக்காகக் காத்திருக்கிறார், எங்களுடைய அப்பா எங்களோடு இருக்கிறார்.

நீ நீடூழி வாழ வேண்டும், தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். மெல்பேர்ண் வெயிலுக்குக் கிரீம் பூசாமல் வெளியே இறங்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
பிறேமா