சில்லுக்கு இரண்டு விரல் இடைவெளி

மச்சான்,

நேற்று என் மகன் காருக்கென்று பனியில் வழுக்காமல் சில்லில் பூட்டுகிற ஒரு சோடி பனிச்சங்கிலி வாங்கி வந்தான். பெயருக்குத்தான் குளிர்காலம், பலெர்மோவில், சீசாப் பக்கத்து எங்கள் வீட்டுக்குக் கீழே வெயில் முதுகைச் சுட்டது. அவன் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்ததும் புது இரும்பும் எண்ணெயும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. "பெருந்தெருவில போறதெண்டால் காருக்குள்ள இது இருக்கோணுமாம், சட்டம்" என்றான். பூட்டுவது எப்படியென்று போனில் வீடியோ வேறு பார்த்தான். வீடியோக்காரன் சங்கிலியைப் பூட்டி, கொஞ்சத் தூரம் ஓட்டி, நிறுத்தி, இறங்கி மறுபடியும் இறுக்கினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. சிரிப்பின் காரணம் தெரிந்த ஒரே ஆள் நீ. போன பங்குனியில் நீ போய்விட்டாய். ஆகவே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த மலை வீட்டுக்கு நாம் போனதே ஒரு கூத்து. நாம் இருவரும் பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரே சிஞ்ஞோராவிடம், ஒரு பணக்கார அம்மாவிடம், வேலை செய்தோம். நீ தோட்டம், நான் குசினி. அவளுக்கு மலையில் ஒரு பழைய வீடும் ஒலிவ் தோப்பும் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்ட காவல்காரர் ஒலிவ் மரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்ள, அவருக்குச் சமைத்துப் போடவும் ஆடு கோழிகளைப் பார்க்கவும் நம்மை அனுப்பினாள். யாழ்ப்பாணத்தானும் மன்னாரானும் சிசிலி மலையில் ஆடு மேய்த்தோம். ஊரில் சொன்னால் நம்புவார்களா?

உனக்கு அப்போது கால் நிலத்தில் நிற்கவில்லை. மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது புறப்பட்டவன் நீ. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிடப் பத்திரம் கிடைத்து, அவர்களைக் கூப்பிட அனுமதி கிடைத்து, ஒருவழியாக அவர்கள் வருகிற நாளும் வந்துவிட்டது. மகள் உன்னைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். "வெளியில வரேக்க முதல் ஆளா நான் நிப்பன்" என்று தொலைபேசியில் மனைவிக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அந்த நாள் காலையில் கதவைத் திறந்தால் படியைக் காணவில்லை. முற்றம், தோப்பு, ரோட்டு, எல்லாம் வெள்ளை. தொலைபேசிக் கம்பியும் அறுந்துவிட்டது. பலெர்மோவில் யாரையாவது விமான நிலையத்துக்குப் போகச் சொல்லவும் வழியில்லை. பாஷை தெரியாத ஒருத்தி பிள்ளையோடு வந்து இறங்கப்போகிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே முகம் மலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நீ வாசலில் நின்று ஒரு காலைப் பனிக்குள் விட்டாய், முழங்கால் வரை போனது. எனக்குப் பயம் வந்தது அதைக் கண்டுதான்.

பிறகு கொட்டிலைப் பார்த்தாய். "மிசின் இருக்குத்தானே மச்சான்" என்றாய்.

கொட்டிலில் காவல்காரரின் உழவு இயந்திரம் நின்றது. சுவரில் அதன் சில்லுகளுக்கான சங்கிலிகள் தொங்கின. மன்னாரில் வயல் சேற்றுக்குள் இரும்புச் சில்லுப் பூட்டி உழுத உனக்கு இதெல்லாம் தூசு என்றாய். சங்கிலியை இருவருமாகத் தூக்கிப் பெரிய சில்லின் மேலே போர்த்தோம். அந்தப் பாரத்தில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நீ பனியில் மல்லாந்து படுத்து, உள்பக்கக் கொளுக்கியைக் கை விறைக்க விறைக்க மாட்டினாய். வெளிப்பக்கத்தை இழுத்து மாட்டுகிறபோது மட்டும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாய்.

"என்னடா அளக்கிறாய்?"

"ரெண்டு விரல் இடைவெளி விடோணும். மாட்டுக்குக் கழுத்துக்கயிறு கட்டேக்க விடுறேல்லையே? இல்லாட்டி மூச்சு முட்டிப்போகும்."

"சில்லுக்கு ஏதடா மூச்சு?"

"உனக்கென்ன தெரியும், நீ மாடு கட்டினனியே?"

மேல்மாடி யன்னலில் காவல்காரர் மாவுக்கட்டுக் காலை முக்காலியில் வைத்துக்கொண்டு, இறுக்கு, இறுக்கு என்று அவர் பாஷையில் கத்தினார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஓம் ஓம்" என்று தமிழில் பதில் சொன்னாய்.

நான் என் பங்குக்கு முன் சில்லுகள் இரண்டின் கீழேயும் ஒவ்வொரு எலுமிச்சங்காய் வைத்தேன். நீ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறினாய். எலுமிச்சங்காய் நசுங்கவேயில்லை, பனிக்குள் அப்படியே புதைந்துபோனது. "உன்ர சாமிக்கும் குளிருது போல" என்றாய். நான் மட்காட்டில் குந்தினேன். மனைவிக்கும் மகளுக்கும் நீ வாங்கிவைத்த குளிர்க்கோட்டுகள் இருந்த பையைச் சைக்கிள் ரியூப்பால் பக்கத்தில் வரிந்து கட்டியிருந்தேன். நம்மவர்களுக்குச் சைக்கிள் ரியூப் இல்லாமல் எந்தச் சாமானும் பயணம் போகாது.

முதல் வளைவு வரை ராஜநடை. அதற்குப் பிறகு சங்கிலி மட்காட்டில் மோதித் தாளம் போடத் தொடங்கியது. நீயோ அதற்கேற்ப மாதா பாட்டு ஒன்றை எடுத்துவிட்டாய். "சத்தம் கூடுதடா" என்றேன். "சேத்துக்க இதைவிடக் கூடச் சத்தம் வரும்" என்றாய். அடுத்த இறக்கத்தில் ஒரு பக்கச் சங்கிலி கழன்று பனியில் விழுந்தது. வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. நான் முருகா என்றேன், நீ மாதாவே என்றாய். இரண்டு பேரில் யாருடைய சாமிக்குக் கேட்டதோ, ஒரு கல்மதிலில் முட்டிக்கொண்டு நின்றோம். மதிலுக்கு அப்பால் பள்ளம்.

நீ இறங்கி அந்தச் சங்கிலியைப் பார்த்தபடி நின்றாய். கண் கலங்கிவிட்டது உனக்கு. "அங்கை தனிய நிக்கப்போறாளடா" என்றாய். நான் உன்னைத் திட்டினேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது, திட்டத்தான் தெரியும். "மாடு கட்டினது காணும், இப்ப சங்கிலியைக் கட்டு" என்றேன்.

இந்த முறை விரல் அல்ல, ஈர்க்குக்கூட நுழையாமல் இறுக்கினோம். அதற்கும் மேலே, பையைக் கட்டியிருந்த ரியூப்பை அவிழ்த்து நீளவாட்டில் கிழித்து, வெளிச்சங்கிலியைக் குறுக்கே இழுத்துக் கட்டினேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சத் தூரம் போனதும் நீயே நிறுத்தினாய். சங்கிலி அதற்குள் இளகியிருந்தது. மறுபடி இறுக்கினோம். ஓடின பிறகுதான் அது சில்லில் சரியாக உட்காரும் என்பது அப்போதுதான் விளங்கியது. இப்படி வளைவுக்கு வளைவு இறங்கிப் பார்த்துக்கொண்டே போனோம். நேரம் போகிறதே என்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அவசரப்பட வேண்டிய நீ அவசரப்படவில்லை.

கீழே போகப் போகப் பனி மெலிந்து, ஒரு வளைவுக்குப் பிறகு இல்லவே இல்லை. தோடம்பழ மரங்களில் வெயில். பெற்றோல் செட்டில் சங்கிலியைக் கழற்றி வண்டியை விட்டுவிட்டு, பஸ் மாறி ஓடினோம்.

விமான நிலையத்தில் சனம் கலைந்துவிட்டது. உன் மனைவி சூட்கேசின் மேல் இருந்தாள். மகள் அவள் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். நீ பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்குவாய் என்று நினைத்தேன். நீ தூரத்திலேயே நின்றுவிட்டாய்.

"போவன்ரா!"

"இரு மச்சான். அவள் முதல் என்னைப் பாக்கட்டும். அவளுக்கு நான் ஆரோ ஒரு ஆள்தானே."

அப்படியே நிலத்தில் குந்திக்கொண்டாய். முகமும் கையும் கிறீஸ். உன் மனைவி உன்னைக் கண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். "முதல் ஆளா நிப்பன் எண்டியள். கடைசி ஆளும் போயிட்டுது."

பிள்ளை மெல்ல நிமிர்ந்தது. உன்னைப் பார்த்தது, தாயைப் பார்த்தது. நீ அசையவில்லை. கூப்பிடவுமில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. பிறகு அவள் தானாக நடந்து வந்து, உன் முன்னால் நின்று, சந்தேகத்தோடு சொன்னாள்: "படத்தில இருக்கிற அப்பா முகம் கழுவியிருந்தவர்."

நீ சிரித்த சிரிப்புக்கு அங்கிருந்த பொலிஸ்காரனும் திரும்பிப் பார்த்தான். அன்றைக்கு அவ்வளவு பாடுபட்டு ஓடிவந்த ஒருவன், கடைசி நாலடியைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.

உன் அடக்கத்தன்று ஒரேத்தோப் பக்கத்துத் தேவாலயத்தில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை, மச்சான். வெளியே வந்தபோது உன் பேரன் தாயின் பின்னால் ஒளிந்து நின்றான். உன் மகள், "தாத்தாட்டைப் போ, vai" என்று இரண்டு பாஷையிலும் சொல்லி அவனை என் பக்கம் தள்ளினாள். "விடு பிள்ளை, அவன் வரேக்க வரட்டும்" என்றேன். கோயில் படியில் குந்தினேன். முழங்கால் இரண்டும் முறைப்பாடு செய்தன. கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. சனம் முழுவதும் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

அவன் வந்தான். என் கண்ணாடியைப் பிடுங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.